அம்மாவின் இங்கிலீசுத் தகப்பன்

அம்மாவைப் பெற்றவன் ஓர் இங்கிலீசுக்காரன் என்பது எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது. அதையும் அம்மா எனக்காகச் சொல்லவில்லை. தம்பிக்காகச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் நானும் என் கணவரும் அம்மாவும் இருந்தோம். கணவருக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. எனக்கு மோர்னிங்சைட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அம்மாவை ஸ்பொன்சர் செய்து எடுத்தபோது தம்பியையும் சேர்த்து எடுக்க முடியவில்லை, வயது கடந்துவிட்டது என்றார்கள். அவன் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும்போதெல்லாம் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிறகு விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டார்கள் என்பதுதான் எங்களுக்கு அந்த நாட்களில் நல்ல செய்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பில் அவருடைய பக்கத்து வீட்டில் இருந்த, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கிப் பொடியன் ஒருவன் லண்டனுக்குப் போய்விட்டானாம். களவாக அல்ல, விசாவோடு. அவனுடைய தாத்தா இங்கிலாந்தில் பிறந்தவராம். பொதுநலவாய நாட்டில் பிறந்த ஒருவருடைய தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால், போய் வேலை செய்ய விசா கொடுப்பார்களாம்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்.

"பிள்ளை, அந்த ஆள் சொன்ன விசா மெய்தானோ?"

"மெய்யாய்த்தான் இருக்கும். எங்களுக்கு என்னத்துக்கு அது?"

"தம்பிக்குக் கிடைக்கும்."

"எப்பிடியம்மா?"

"என்ர அப்பா இங்கிலீசுக்காரன்."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன். ஊரில் அம்மாவுக்குப் பூனைக்கண்ணி என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த கண்கள். பிறவியில் வந்த கோளாறு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அம்மா அன்று சொன்னது இதுதான். வன்னியில் குளம் கட்டும் வேலையை மேற்பார்வை பார்க்க ஓவசியராக வந்த ஒருவனோடு அம்மாவின் தாய் இரண்டு வருடம் இருந்தார். கலியாணம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தவழும் வயதில் அவன் கப்பலேறிப் போய்விட்டான். பிறகு ஒரு கடிதமும் இல்லை. அதற்குப் பிறகுதான் தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர் அம்மாவின் தாயைக் கலியாணம் முடித்தார். நாங்கள் தாத்தா என்று அழைத்து வளர்ந்தது அவரைத்தான். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர். அவர் செத்தபோது அம்மா மண்ணில் புரண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

"அந்த வெள்ளைக்காரன்ர பேர் தெரியுமோ?"

அம்மா சொன்னார். ஆங்கிலத்தில் தையற்காரன் என்று பொருள்படும் ஒரு குடும்பப் பெயர். இங்கிலாந்தில் அந்தப் பெயர்க்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"ஊர்?"

"பொஸ்டன் எண்டு அம்மா சொன்னவ."

"பொஸ்டன் அமெரிக்காவிலை எல்லோ இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் கண்டனானே?" என்றார் அம்மா. பிறகுதான் அழத் தொடங்கினார். அறுபத்தைந்து வருடமாக மூடி வைத்ததை எடுத்துப் போட்ட பிறகு அது ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அந்த அழுகை என்று நினைக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தி சொல்லி அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். பல நாடுகளின் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவுகளைப் படமெடுத்துச் சுருள்களாக வைத்திருந்தார்கள். இல்லாததை எழுதிக் கொடுத்தால் வருவித்துத் தருவார்கள். சனிக்கிழமைகளில் நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறிப் போவோம். ஜன்னல் இல்லாத அறை. வரிசையாக யந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரர். அவர்கள் திரையிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

அங்கே உதவிக்கு இருந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. எலும்பும் தோலுமான உயர்ந்த பெண்மணி. நான் விசயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது. "அப்படியென்றால் நீங்களும் எங்களில் ஒருத்தி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் தன் முன்னோரைப் பல தலைமுறை தூரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆடு திருடிச் சிறைக்குப் போன ஒருவன் அவருடைய வம்சத்தில் இருந்தானாம். அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவார். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். முன்னோரில் ஒரு கள்ளனோ கடலோடியோ அகப்பட்டால் அன்று முழுக்கப் பேச்சு அதுதான். எங்களுக்கு அகப்பட வேண்டியது ஓர் ஓவசியர் மட்டும்தான், அதுவும் தம்பியை மறுபடி பிடித்துக்கொண்டு போவதற்கு முன்னால்.

பொஸ்டன் என்றதும் அந்த ஆசிரியை ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில் ஒரு சிறிய புள்ளியைக் காட்டி, "அமெரிக்காவில் இருப்பது பிறகு வந்தது. இதுதான் முதல் பொஸ்டன்" என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா வரைபடத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

அன்று மாலை தம்பிக்கு லொட்ஜ் ரெலிபோனில் எடுத்துச் சொன்னேன். அங்கே விடியற்காலை. வரவேற்பு மேசைக்காரர் எழுப்பிவிட, தம்பி வந்தான்.

"அப்ப நான் இனித் துரையோ, அக்கா?"

"பகிடி விடாதை. கிடைக்கும் போலதான் இருக்கு."

"இனிப் பிடிச்சால் ஆமிக்காரனுக்குச் சொல்லுறன், தாத்தா பொஸ்டன் எண்டு." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அம்மா எப்பிடி இருக்கிறா? உதைச் சொல்ல அவவுக்கு எவ்வளவு கஷ்டமாய் இருந்திருக்கும். கவனமாய்ப் பாருங்கோ."

குளிர்காலம் முழுக்கப் போனோம். அந்தப் பெயரில் ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். எழுத்தெல்லாம் சாய்ந்து, மை ஊறி, சில இடங்களில் பூச்சி அரித்த ஓட்டைகூடப் படத்தில் விழுந்திருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு பெயரின் வடிவத்தைக் கண்ணால் பழகிக்கொண்டார். என் பக்கத்து யந்திரத்தில் இருந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, "உதிலை ஒண்டு, உதிலை ஒண்டு" என்று காட்டுவார். எல்லாம் வேறு ஆட்கள். யாரோ குழந்தையாகச் செத்துப்போனவர்கள், யாரோ கொல்லர்கள், மாலுமிகள்.

முதலில் அகப்பட்டது பிரித்தானியர் காலத்து இலங்கை அரசாங்க உத்தியோகத்தர் பட்டியல் ஒன்று. நீர்ப்பாசனத் திணைக்களத்தில், வன்னியில், அம்மா பிறந்த காலத்தில், அந்தக் குடும்பப் பெயரில் ஒரே ஓர் ஆள். முழுப்பெயரும் இருந்தது. நடுவில் ஓர் அபூர்வமான பெயர். "இது அவனுடைய தாயின் குடும்பப் பெயராக இருக்கவேண்டும்" என்றார் ஆசிரியை. "அந்தக் காலத்தில் அப்படி வைப்பது வழக்கம். இனிச் சுலபம்."

சுலபமாகத்தான் இருந்தது. பனி கரையத் தொடங்கிய நாட்களில் பொஸ்டன் ஊரின் தேவாலயப் பதிவுச் சுருள் ஒன்று வந்தது. ஞானஸ்நானப் பதிவில் அந்த முழுப்பெயர் இருந்தது. தாயின் கன்னிப்பெயரும் பொருந்தியது. தகப்பனின் தொழில் துறைமுகத்தில் மூட்டை சுமப்பது.

நான் அம்மாவைத் தொட்டேன். அம்மா எழுந்து வந்து திரையின் முன்னால் நின்றார். யந்திரத்தின் வெளிச்சம் அவருடைய முகத்தில் அடித்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"உங்கட அப்பாவின்ர பேர். இது அவற்ற அப்பா, அம்மா. அப்பா மூட்டை தூக்கிறவர்."

அம்மா திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். "துரை எண்டெல்லோ அம்மா நினைச்சவ" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஆசிரியைக்கும் விளங்காமலே சிரிப்பு வந்தது. அந்த அறையில் நாங்கள் சந்தோசமாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த ஒரு தமிழ் வழக்கறிஞர் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். என்னைவிட இளைய பெண். நாங்கள் கொண்டுபோன படப்பிரதிகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாய்த் தேடியிருக்கிறியள், அக்கா. இந்த ஆள் இங்கிலாந்திலை பிறந்தவர் எண்டதுக்கு இது காணும். அன்ரியின்ர பிறப்புச் சான்றிதழைத் தாங்கோ."

கொடுத்தேன். அவர் அதை வாசித்தார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் தபால் கந்தோர்த் தாத்தாவின் பெயர் இருந்தது. எனக்கும் அது தெரிந்ததுதான். அதை ஒரு சின்னத் தடை என்று நினைத்திருந்தேன். அம்மா வாயால் சொன்னால், சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

"அன்ரிக்கு அஞ்சு வயசிலை பதிஞ்சிருக்கு. பிந்திப் பதிஞ்சதெண்டாலும் ஒழுங்காய்ப் பதிஞ்சிருக்கு. தகப்பன் தானே கையெழுத்து வைச்சிருக்கிறார். சட்டத்தின்ர கண்ணுக்கு அன்ரியின்ர அப்பா இவர்தான்."

"அவர் வளர்த்தவர்" என்றேன். "பெத்தவர் இல்லை."

"எனக்கு விளங்குது. ஆனால் அதுக்கு என்ன ஆதாரம்? அந்த வெள்ளைக்காரர் எங்கையாவது இது என்ர பிள்ளை எண்டு எழுதி வைச்சவரோ? காசு ஏதும் அனுப்பினவரோ? படம்?"

ஒன்றும் இல்லை. இருந்த ஒரு படத்தையும் தாத்தா வந்த பிறகு அம்மாவின் தாய் அடுப்பில் போட்டுவிட்டாராம்.

வழக்கறிஞர் அம்மாவைப் பார்த்து, "அன்ரி, இந்தப் பதிவு பொய் எண்டு நீங்கள் வழக்காடவேணும். இலங்கையிலை. இந்தப் பெரியவர் பொய் சொல்லிக் கையெழுத்து வைச்சவர் எண்டு" என்றார்.

அம்மா அந்தச் சான்றிதழை மேசையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊரிலை ஆரும் என்னை ஒரு சொல் சொல்லக்கூடாதெண்டுதான் அந்த மனுசன் பேரைக் குடுத்தவர். பள்ளிக்கூடத்திலை சேர்க்கேக்கை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுபோய், இது என்ர மகள் எண்டு சொன்னவர். இப்ப நான் கோட்டிலை ஏறி அவரைப் பொய்யன் எண்டோ சொல்ல?"

கொஞ்சம் பொறுத்து அம்மாவே சொன்னார்.

"சொல்லுறன். பிள்ளைக்காகச் சொல்லுறன். சொன்னால் விடுவினமோ?"

"இல்லை, அன்ரி" என்றார் அந்தப் பெண். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "சொன்னாலும் காணாது. அந்தப் பக்கத்திலையிருந்து ஆராவது ஒராள் வரவேணும். இரத்தம் குடுத்துச் சோதிக்கச் சம்மதிக்கவேணும்."

அந்தப் பக்கத்தில் ஓர் ஆளைத் தேடினோம். ஆசிரியைதான் வழி சொன்னார். இங்கிலாந்தில் இறந்தவர்களின் உயில்கள் எல்லாம் பதிவாகியிருக்கும். பெயரும் திகதியும் எழுதி அனுப்பினால் பிரதி தருவார்கள். எங்கள் ஓவசியர் ஊருக்குத் திரும்பிப் போய்க் கலியாணம் செய்து, வயதாகி, பொஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இறந்திருந்தார். வீட்டை ஒரே மகளுக்கு எழுதி வைத்திருந்தார். இலங்கை என்ற சொல்லே உயிலில் இல்லை. நகரத்துப் பெரிய நூலகத்தில் வெளிநாட்டு ரெலிபோன் புத்தகங்கள் இருந்தன. அந்த மகள் அதே கிராமத்தில் அதே விலாசத்தில் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே மத்தியானம் கடந்திருக்கும். எங்கள் வீட்டில் படுக்கையறையில் இன்னொரு ரெலிபோன் இருந்தது. அம்மா அதைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்கு அவர் தெரிந்தார்.

ஒரு வயதான குரல் எடுத்தது. நான் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். நான் கனடாவிலிருந்து பேசுகிறேன், உங்கள் தகப்பனார் இலங்கையில் வேலை செய்தவர் அல்லவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். குரலில் சந்தோசம்கூட இருந்தது. அப்பா யானைகளைப் பற்றிக் கதை சொல்வார், நீங்கள் அவரோடு வேலை செய்தவர்களின் மகளா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "என் அம்மா அவருடைய மகள்."

அவர் உடனே வைத்துவிடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம். மூச்சு கேட்டது. பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?"

தம்பியைப் பற்றிச் சொன்னேன். சொத்து ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒரு சோதனை, கொஞ்சம் இரத்தம், ஒரு கையெழுத்து. இவ்வளவையும் வேகமாகச் சொல்லிவிட்டேன். வேகமாகச் சொன்னதால் கள்ளர்கள் பேசுவதுபோல் இருந்திருக்கும்.

"என் தாய் நல்ல பெண்" என்றார் அவர். "என் தகப்பனாரும் நல்ல மனிதர். அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. இதை நான் செய்ய முடியாது. உங்கள் சகோதரருக்காக வருந்துகிறேன். தயவுசெய்து இனி எடுக்காதீர்கள்."

அவர் வைத்த பிறகும் அம்மா வைக்கவில்லை. வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ரெலிபோனை வாங்கி வைத்தேன்.

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா, என்ன?"

"ஓம், அம்மா."

"கோவமாய்ச் சொல்லேல்லை."

"இல்லை."

"எனக்கு இளையவ" என்றார் அம்மா. "குரலைக் கேட்டால் எனக்கு மூத்தவ போலக் கிடக்கு. தனியத்தான் இருக்கிறாவோ தெரியேல்லை."

மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லி என் கணவர் சொன்னார். நான் எடுக்கவில்லை. கடிதம் ஒன்று எழுதினேன், அம்மாவின் படத்தையும் வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவனே எடுத்தான். மறுபடி பிடித்துக்கொண்டுபோய் இந்தத் தடவை நாலைந்து நாள் வைத்திருந்துவிட்டு விட்டிருந்தார்கள். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

"அக்கா, நான் ஆக்களை வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரனோடை கதைச்சிட்டன். ஆபிரிக்காவுக்கு முதல் போறது. அங்கையிருந்து கப்பல்."

"கொஞ்சம் பொறடா. வழக்கறிஞரை இன்னொருக்கால் கேக்கிறன்."

"என்னத்தைக் கேக்கப்போறியள்?"

உயில், இரத்தச் சோதனை என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் மறிக்கவில்லை. நான் முடித்த பிறகு, "அம்மாவிட்டைக் குடுங்கோ" என்றான்.

அம்மாவிடம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அம்மா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "தபால் கந்தோர் அப்பாவைக் கும்பிட்டிட்டு வெளிக்கிடு" என்றார்.

மேற்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுகப் பட்டினத்திலிருந்து ஒரு தடவை எடுத்தான். வெயில் ஊரைப் போலத்தான் இருக்கிறது, மீன் மலிவு, இன்னும் பத்துப் பன்னிரண்டு பொடியள் கூட இருக்கிறார்கள், கப்பல் வரும் என்கிறார்கள் என்றான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஏஜென்சிக்காரன் கப்பல் ஏற்றிவிட்டேன் என்றான். பிறகு ஏறவில்லை என்றான். பிறகு அவனும் ரெலிபோனை எடுப்பதை நிறுத்தினான். செஞ்சிலுவைக்காரருக்கு எழுதினோம். அந்தப் பட்டினத்தில் இருந்த ஒரு பாதிரியாருக்கு எழுதினோம். கூடப் போன பொடியன்களில் ஒருவனுடைய தாய் மொன்றியலில் இருந்தார். அவரும் எங்களைக் கேட்டார், நாங்களும் அவரைக் கேட்டோம்.

அடுத்த வருடம் இலைகள் கொட்டும் காலத்தில் அந்தத் தேவாலயத்திலிருந்து ரெலிபோன் வந்தது. ஆசிரியைதான். நான் எப்போதோ எழுதிக் கொடுத்த சுருள்கள் பிந்தி வந்திருக்கின்றன, எனக்குப் பதிலாகத் தானே பார்த்துவிட்டேன், நல்ல செய்தி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவும் வந்தார்.

அவர் எங்களுக்காக ஒரு வம்ச வரைபடம் செய்து வைத்திருந்தார். பெரிய தடித்த தாளில், கையால், அழகான எழுத்தில். மூட்டை சுமப்பவருக்கு மேலே அவருடைய தகப்பன், அவருக்கு மேலே இன்னொருவர், இப்படி ஆறு தலைமுறை. எல்லோரும் அதே ஊர். படகோட்டி, கயிறு திரிப்பவன், படகோட்டி. ஒவ்வொருவருக்கும் பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே அம்மா. அம்மாவுக்குக் கீழே நானும் தம்பியும்.

"மிகப் பழைய ஆட்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம்" என்றார். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டார். "உங்கள் சகோதரர் இப்போது எங்கே இருக்கிறார்? ஊரை எழுதுவேன்."

அவருக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கு விளங்கியிருந்தது.

"தெரியாது" என்றேன். "போன வருடத்திலிருந்து தெரியாது."

ஆசிரியை பேனாவை மூடினார். பிறகு, "அப்படியே விட்டுவிடவா?" என்று கேட்டார்.

"விடுங்கள்" என்றேன்.

அந்தத் தாளை அவர் சுருட்டி, ஒரு மட்டைக் குழாய்க்குள் போட்டுத் தந்தார். பஸ்ஸில் அம்மா அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தார். வழியில் மழை தொடங்கிவிட்டது. இறங்கியதும் அம்மா குழாயைத் தன் குளிர்ச்சட்டைக்குள் சொருகிக்கொண்டு நடந்தார்.

அதன் பிறகு அம்மா பன்னிரண்டு வருடம் இருந்தார். தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இன்றுவரை இல்லை.